பின்சீட்டில் ஆள் வேண்டும்

காரில் ஏறியதும் சீட் பெல்ட்டைத் தேடமாட்டார் ஜெராக்ஸ் அக்கா. தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைத் திருப்பி, பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்தாயிற்றா என்று பார்ப்பார். "நேத்து விட்ட இடத்துலேருந்து சொல்லு" என்பார். அப்புறம்தான் சாவி திரும்பும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஆறரை மணி வகுப்பு. ஒருவர் ஓட்ட, மற்ற இருவர் பின்னால் முறைக்குக் காத்திருப்பார்கள். ஒருத்தி நர்ஸ், இன்னொருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அக்காவுக்கு நகலெடுக்கும் கடை. இரண்டு பக்கம் நகலெடுப்பதற்குள் வந்தவரின் வீட்டு விவகாரம் முழுவதும் அத்துப்படி.

ஐம்பது வயதில் இந்தப் பாடு தங்கைக்காக. பஸ் போகாத புறநகரில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள். "நெனச்ச நேரத்துல போய் நிக்கணும். அவ்வளவுதான்." தம்பி கொடுத்த பழைய கார் வாசலில் தயாராக நிற்கிறது. லைசென்ஸ்தான் இல்லை.

"பின்னாடி யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று ஒருநாள் சட்டம் போட்டார் மாஸ்டர். அன்று ஒரே முச்சந்தியில் கார் நான்கு முறை நின்றுபோனது. மறுநாள் நர்ஸ் பொறுக்கமாட்டாமல் தன் மாமியார் புராணத்தை எடுத்தாள். கார் வழுக்கிக்கொண்டு போனது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

லைசென்ஸ் சோதனையிலோ பின்சீட்டு காலி. இரண்டு முறை தோற்றார். "பின்னாடி வெறிச்சுன்னு இருக்கு மாஸ்டர், வண்டி ஓடவே மாட்டேங்குது." மனுஷிக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் முறை பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி சிரித்தே பழக்கமில்லாதவர். அக்கா சாவியைத் திருப்பினார். "சாருக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"ரோட்டைப் பாருங்கம்மா."

ரோட்டைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டார். இரண்டாவது திருப்பத்தில் அதிகாரி, மகள் இப்போதெல்லாம் தன்னிடம் கணக்குச் சந்தேகமே கேட்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். கார் பின்னோக்கிப் போய், சோதனைக்கு நட்டிருந்த கம்பங்களில் உரசாமல் நின்றது.

லைசென்ஸ் கைக்கு வந்த முதல் ஞாயிறன்றே தங்கை வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தார். தங்கை கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாகத் திட்டினாள், சிரித்துக்கொண்டே.

திங்கள் காலை ஆறரை. அந்த வாரம் சோதனைக்குப் போகவேண்டிய நர்ஸ், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தாள். பின்கதவு திறந்தது.

"லைசென்ஸ்தான் வாங்கியாச்சே, இங்க என்ன வேலை?" என்றார் மாஸ்டர்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்று தபால்காரரை நகர்த்தி உட்கார்ந்தார் அக்கா. பிறகு முன்னால் எக்கி, தன் முகம் நர்ஸுக்குத் தெரியும்படி கண்ணாடியைத் திருப்பிவைத்தார்.