மை இல்லாத கண்

பிள்ளைகளா, நம் பூனைக்குக் காதோரம் முடி கொட்டியபோது, உன்னால்தான் வந்தது, உன்னால்தான் வந்தது என்று நீங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னீர்கள். எனக்கு என் சித்தியின் ஞாபகம் வந்தது. நான் அதிகம் படித்தவன் இல்லை. அவரைப் பார்த்த கண் டாக்டர் சொன்னதில் மனதில் நின்றதை மட்டும் வைத்து இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டில் அப்பா, அம்மாவோடு மாமாவும் சித்தியும் இருந்தார்கள். இருவரும் அம்மாவுடன் பிறந்தவர்கள். மாமா பிறை என்ற ஊரில் லாரி ஓட்டினார். சித்தி அங்கேயே ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தார்.

சித்தி ஒரு நாள் காய்கறிப் பாசாருக்குப் பின்னால் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிவந்தார். கொஞ்ச நாளில் அதன் கண்களைச் சுற்றி முடி கொட்டி, மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிட்டது. மாமா லாரி எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயைப் பூசினார். சொறி பிடித்த நாய்க்கு எங்கள் பக்கம் பலரும் செய்த வைத்தியம் அது. குட்டி எண்ணெயோடு வீடெல்லாம் ஓடிச் சுவரைக் கறுப்பாக்கியது. சித்தி பாத்திரம் கழுவும் சோப்பால் அதைக் குளிப்பாட்டினார்.

அதே சமயத்தில் சித்தியின் இமைகளும் சிவந்தன. காலையில் எழுந்ததும் அரிப்பு. இமைமுடிகளின் அடியில் பொடுகுபோல் ஏதோ ஒட்டிக்கொண்டு, முடி உதிர்ந்தது. மாமா இரண்டையும் உடனே முடிச்சுப் போட்டார்.

“நாயைக் கொஞ்சாத, கொஞ்சாதன்னு சொன்னேன்ல. இப்ப ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீங்க.”

“நான் கொஞ்சம் பரவால்ல லா அண்ணே,” என்றார் சித்தி.

மாமா சிரிக்கவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஒரு குடும்பம் சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஜாதகமும் பொருந்தியிருந்தது.

கண் டாக்டரிடம் சித்தி போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் இமைமுடி ஒன்றைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தார். என்னையும் பார்க்க விட்டார். முடியின் அடியில் நீளவாக்கில் ஏதோ மெதுவாக அசைந்தது. அந்தப் பூச்சிக்கு டெமோடெக்ஸ் என்று பெயர் சொன்னார். பெரியவர்கள் அநேகம் பேரின் இமையிலும் முகத்திலும் அது இருக்கும், சும்மாதான் கிடக்கும், சிலரிடம் அளவுக்கு மீறிப் பெருகினால் இப்படி ஆகும் என்றார். நாய்க்கு வருவது வேறு வகை. குட்டி பால் குடிக்கும்போதே தாயிடமிருந்து ஒட்டிக்கொள்வது. அது மனிதரிடம் தங்காது. இமையைக் கழுவ ஒரு நுரை மருந்து கொடுத்து, குணமாகும்வரை கண்ணுக்கு மை கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

குட்டி தப்பித்தது என்ற சந்தோஷத்தில் வீட்டுக்குள் நுழைந்ததுமே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆனால் அங்கே யாருக்கும் சந்தோஷமில்லை. அம்மா தன் இமையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“என் மூஞ்சிலயும் பூச்சியா? நான் தெனமும் ரெண்டு தடவ குளிக்கிறேன்,” என்றார் மாமா. பிறகு அம்மாவிடம் திரும்பி, “மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன சொல்றது? இவ உடம்புலயே இருக்குன்னா? நாயால வந்துச்சு, நாயை அனுப்பியாச்சுன்னு சொன்னா முடிஞ்சுது,” என்றார்.

அப்படியே முடிவானது. பெண் பார்க்க வரும் நாளன்று காலையில் மாமா குட்டியைப் பெட்டியில் வைத்து, தாசேக் கெலுகோரில் செம்பனைத் தோட்டம் போட்டிருந்த நண்பரிடம் விட்டுவந்தார். சித்தி தடுக்கவில்லை. பெட்டிக்குள் விரிக்கத் தன் துண்டைக் கொடுத்தார். நாயால் வரவில்லை என்று டாக்டரே சொன்ன பிறகு நாய் ஏன் போகவேண்டும் என்று கேட்டேன். என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் அவர்கள் வந்தார்கள். சித்தி சேலை கட்டி, பூ வைத்து, மை மட்டும் இல்லாமல் தேநீர் கொண்டுவந்தார். மை இல்லாததால் சிவப்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா கோப்பையை வாங்காமல் கண்ணையே பார்த்தார்.

“கண்ணுல என்னம்மா?”

மாமா தயாராக இருந்தார். “நாய் ஒண்ணு இருந்துச்சுக்கா. அதுலேருந்து ஒட்டிக்கிச்சு. இன்னிக்குக் காலைலதான் அனுப்பிட்டேன்.”

அந்த அம்மா தலையாட்டிக் கோப்பையை வாங்கினார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் சித்தி வாய் திறந்தார்.

“நாய்கிட்டேருந்து வரல ஆண்ட்டி. இது நெறைய பேரு இமையில இருக்கறதுதான். எனக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு. மருந்து போடுறேன்.”

“நெறைய பேரா?”

“ஆமா ஆண்ட்டி. உங்களுக்கும் இருக்கும்.”

மாப்பிள்ளை கண்ணைக் கசக்கத் தொடங்கினார். அவர் அம்மா குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்தார்.

நாயைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை. அடுத்த வாரம் மாமாவே குட்டியைத் திரும்ப ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டார். மிருக வைத்தியரும் கண் டாக்டர் சொன்ன மாதிரியே சொல்லி மருந்து கொடுத்தார்; பிறகு முடியெல்லாம் முளைத்தது. குட்டி வந்த அன்றைக்கே பட்டர்வொர்த்திலிருந்தும் சேதி வந்தது. ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம்.

நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. சித்தி நாய்க்காகப் பேசினார், ஜெயித்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் பின்கட்டுக் குழாயடியில் அவர் இமை கழுவியது வழக்கத்தைவிட நெடுநேரம் ஆனது. திரும்பி வந்தபோது கண் முன்னைவிடச் சிவந்திருந்தது.

“என்ன பாக்கற? மருந்து எரியுதுடா,” என்றார்.

அவர் உள்ளே போனதும் நான் தனியாகக் குழாயடிக்குப் போனேன். அந்த நுரையைக் கொஞ்சம் எடுத்து என் இமையில் தடவிக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எரியவில்லை. இன்னும் கொஞ்சம் தடவினேன். அப்போதும் எரியவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, மூடியை இறுக்கி வைத்துவிட்டு வந்தேன்.