சீட் உறைக்குள் போன பக்கிள்

காரை எடுக்கும் முன் ஒன்பது இடங்களைப் பார்ப்பேன். டயர் காற்றில் தொடங்கிப் பின்சீட் பெல்ட்டில் முடியும். எட்டு நிமிடம் பிடிக்கும். அதற்காக வீட்டில் நான் வாங்காத ஏச்சு இல்லை.

அன்று திங்கட்கிழமை. ஆறு மாதம் முழுகாமல் இருக்கும் மகளை ஊத்துக்குளியில் அவள் மாமியார் வீட்டில் விட வேண்டும். ஏழரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. சனிக்கிழமை என் காரை இரவல் வாங்கிப் போயிருந்த அவள் தம்பி, ஆறரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஏழே காலுக்கு வந்தார். முதலிபாளையத்தில் பனியன் யூனிட் வைத்திருப்பவர். சீட்டுகளுக்கெல்லாம் புது உறை.

"எப்படிங்க மச்சான்? எக்ஸ்போர்ட் மிச்சத் துணி. நம்ம டைலருங்களே தெச்சது."

தையல் அருமைதான். ஓரமெல்லாம் இரட்டைத் தையல், ஒரு சுருக்கம் இல்லை. பின்சீட்டில் பெல்ட் பட்டை தோள் பக்கம் தொங்கியது. அதைச் செருகும் பக்கிளைக் காணோம். உறைக்கு அடியில் புடைத்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு ஓட்டை எங்க மாப்ள?"

"ஓட்டை வெச்சா லுக்கே போயிருமுங்க. பின்னாடி பெல்ட்டு யாருங்க போடறா?"

"உன்ற அக்கா மக போடுவா."

"ஊத்துக்குளி என்ன டெல்லியிலயா இருக்குது?"

பட்டன் ஓட்டை இல்லாத சட்டையை இதே மனிதர் பெட்டிக்குள் வைக்க விடுவாரா? உறையை அடியில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கழற்ற அரை மணியாவது ஆகும்.

"ஏனுங்க, மணி ஏழு இருபத்தாறு. உங்க செக்கிங்கெல்லாம் கம்பெனியோட வெச்சுக்குங்க" என்றாள் மனைவி. இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் தரம் பார்ப்பவன் நான்.

மைத்துனர் முன்னால் ஏற, மனைவியும் மகளும் பின்னால் ஏறினார்கள். எதையும் பார்க்காமல் வண்டியை எடுத்தேன். தெருமுனையில் ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"என்னாச்சுங்க?"

"நல்ல நேரத்துல கெளம்பியாச்சு. இனி பாக்க வேண்டியதப் பாக்கறேன்."

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் நூல் வெட்டும் கத்திரியை எடுத்து, மகள் பக்கத்து உறையில் நான்கு விரல் நீளம் வெட்டினேன். பின்னல் துணி, வெட்டிய ஓரம் உடனே சுருண்டுகொண்டது. முன்சீட்டில் இருந்த மைத்துனர், "அய்யோ மச்சான்!" என்று தலையில் கை வைத்தார். மகள் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிச் செருகினாள். "மாட்டிருச்சுங்கப்பா" என்றாள், மாமாவின் முகத்தைப் பார்க்காமல்.

மனைவி பக்கம் போனேன். அவள் அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "எந்தம்பி ஆசையா தெச்சது. இதையாச்சும் உடுங்க."

மீதி எட்டையும் பார்த்து முடிக்கும்வரை பின்னால் ஒரு கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஊத்துக்குளி வரை வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் மனைவி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பெல்ட் வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.