கிரிபாஸுக்கு ஒரு தந்தி

போன ஞாயிறு இங்கே இத்தாலியில், மொண்டெல்லோ கடற்கரையில் ஒருவன் வாளித் தண்ணீரில் தேங்காய்த் துண்டுகளை மிதக்கவிட்டு, "கொக்கோ பெல்லோ!", நல்ல தேங்காய் என்று கூவி விற்றான். ஒன்று வாங்கினேன். யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்காரி காசு கொடுத்துத் தேங்காய்த் துண்டு கடிக்கிறாள் என்றால் ஊரில் சிரிப்பார்கள். கடித்ததும் இயோவானே ஞாபகத்துக்கு வந்தார்.

தொண்ணூறுகளில் பலெர்மோத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். சரக்குக் கப்பலில் விழுந்து கால் முறிந்து அங்கே கிடந்த மாலுமிதான் இயோவானே. கப்பல் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மூன்று நாளாக வாய் திறக்கவில்லை. எனக்கு அரைகுறை இங்கிலிஷ் தெரியுமென்று தாதி என்னை அவரிடம் அனுப்பினாள்.

"எந்த நாடு?"

"கிரிபாஸ்."

எழுதுவது கிரிபாட்டி, சொல்வது கிரிபாஸாம். பசிபிக்கின் நடுவே. போர்வையில் விரலால் வரைந்து காட்டினார். நாடா மாதிரி ஒடுங்கிய நிலம். இந்தப் பக்கம் பெருங்கடல், அந்தப் பக்கம் அலையில்லாத களப்புக் கடல், நடுவில் தென்னை. நெல் விளையாது. கொப்பரா காயவைப்பார்கள், மீன் பிடிப்பார்கள், இளைஞர்கள் அந்நியக் கப்பல் ஏறுவார்கள். ஒரு தீவில் உரத்துக்கான பொஸ்பேற் மண் இருந்ததாம். வெள்ளைக்காரர் தோண்டி முடித்துவிட்டார்கள்.

அவருடைய கவலை காலைப் பற்றியதல்ல. "விழுந்திட்டார் எண்டு மட்டும் கம்பனி அறிவிச்சிருக்கும். மனிசி நான் கடலுக்கை விழுந்திட்டன் எண்டு நினைப்பா."

மனைவி இருக்கும் தீவில் டெலிபோன் இல்லை. தலைநகர் வானொலிக்குத் தந்தி அடித்தால் பெயர் சொல்லி வாசிப்பார்களாம்.

தந்தி அடிக்கப் போன என்னைத் தபால் கந்தோர்க்காரர் மேலும் கீழும் பார்த்தார். "இப்பிடியொரு நாடு இல்லை, சிஞ்ஞோரா."

"இருக்கு. அங்கத்தை மனிசன் இஞ்சை ஆஸ்பத்திரியிலை படுத்திருக்கிறார்."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் தடித்த புத்தகமொன்றைப் புரட்டிப் புரட்டிக் கடைசியில் கண்டுபிடித்தார். 'கால் மட்டும்தான் முறிந்தது. வருகிறேன்' என்று இயோவானே பெயரில் அனுப்பினேன்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. ஊரே கூடியிருந்து கேட்டதாம். இயோவானே சிரித்தார், பிறகு முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டார். மூடியபடியே கேட்டார்: "உங்கடை தீவுக்கும் வானொலி இப்பிடி வாசிக்குமோ?"

அப்போது ஊரில் சண்டை. அம்மாவுக்கு நான் போடும் கடிதம் போய்ச் சேர மாதங்கள் எடுத்தது, சில சேரவேயில்லை.

"இல்லை," என்றேன்.

ஊன்றுகோலோடு அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். அந்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். தந்தி அனுப்பிய யன்னலும் இல்லை. நெடுந்தீவுக்கு இப்போது நினைத்த நேரம் டெலிபோனில் கதைக்கலாம். எடுத்து, "ஆர், பிள்ளையோ?" என்று கேட்க அம்மா இல்லை.