இடக்கை சொன்ன பொய்

செலுவம்மா மொச்சை பிதுக்கிக்கொண்டிருக்கிறாள். வலக்கை பிதுக்கிய பருப்பு சட்டியில் விழுகிறது. இடக்கை பிதுக்கியது பூனையின் முதுகில் விழும், பார்க்க வரும் நர்ஸ் ஃப்ளேவி சிஸ்டரின் மடியில் விழும், ஒருமுறை சுவர்க் கடிகாரத்தில் போய் அடித்தது. அவள் கண் அதன்மேல் இருக்கும்வரை இடக்கை ஒழுங்காக வேலை செய்யும். தெருவை ஒரு பார்வை பார்த்தால் போதும், விரல்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிடும். “மேஸ்திரி தலை மறைஞ்சா மம்பட்டியைக் கீழ போட்டுடறா, கூலிக்காரி” என்று கையைத் திட்டுகிறாள்.

மண்டியாவை ஒட்டிய இந்தக் கால்வாய்க்கரைத் தெருப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் காலில் குளித்தவர்கள். பலகையில் உட்கார்ந்து கால் நீட்டி, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். வலக்கை பிள்ளையைப் பிடிக்க, இடக்கை வெந்நீர் விளாவ. மூக்கை நீவி நீவி எடுப்பாக்குவதில் பேர்போனவள். இப்போது பஸ் கண்டக்டராக இருக்கும் ஒருவன் அவளைக் கண்டால் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்கிறான்.

உகாதிக்கு மறுநாள் போளி தின்றுகொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. பாதி வாயில் இனிப்பே தெரியவில்லை. மருமகள் வெல்லத்தை மிச்சம் பிடித்துவிட்டாள் என்று ஒரு மணிநேரம் சண்டை போட்டாள். பிறகுதான் இடக்காலில் செருப்பு இல்லாமலே வீதியைச் சுற்றி வந்திருப்பது தெரிந்தது.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், மூளையின் நடுவில் சின்ன முட்டைகள்போல இரண்டு பக்கம் பக்கமாக இருக்கின்றன, தலாமஸ் என்று பெயர் என்றார். கண், காது, நாக்கு, தோல் எது சொன்னாலும் முதலில் அங்கே வரும். எது எங்கே போகவேண்டும் என்று பிரித்து மேல்மூளைக்கு அனுப்புவது அதன் வேலை. வலது முட்டையில் ரத்தக்குழாய் அடைத்ததால் இடப்பக்கம் தடுமாறுகிறது. அவள் விழிப்பதைப் பார்த்துவிட்டு, கால்வாய் மதகு மாதிரி என்றார்.

“அப்ப மதகுக்காரன் குடிச்சிட்டு விழுந்துட்டான். எந்த வயலுக்கு எந்தத் தண்ணின்னு தெரியாம தொறந்து விடறான்.”

டாக்டர் மறுக்கவில்லை. வாசனை மட்டும் அந்த மதகுக்கு வராமல் தனி வாய்க்காலில் போய்விடும் என்றும் சொன்னார். கூட இருந்த ஃப்ளேவி அதை மறந்துவிட்டாள். செலுவம்மா மறக்கவில்லை.

அன்றிலிருந்து ரவிக்கையின் இடது கையைத் தோள்வரை சுருட்டி வைத்திருக்கிறாள். துணி பட்டால் செந்தட்டி இலை தேய்த்ததுபோல் அரிக்கிறது, மின்விசிறிக் காற்று எரிகிறது.

இந்த நிலையில்தான் எதிர்வீட்டு பாக்யா பிள்ளை பெற்று வந்தாள். தொப்புள்கொடி விழுந்தாயிற்று; மறுநாள் முதல் குளியல். செலுவம்மா அக்கா வராவிட்டால் பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வைத்திருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“தொட்டியில போட்டு ஊறவைக்க அது என்னடி ஊறுகாயா?”

வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஃப்ளேவி, சோதித்துப் பார்க்காமல் பிள்ளையைத் தொட விடமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். கண்ணைத் துணியால் கட்டி, ஒரு டம்ளரில் வெந்நீரும் ஒன்றில் குழாய்த் தண்ணீரும் கொண்டுவந்து, மாற்றி மாற்றி இடக்கையில் வைத்தாள். சூடு என்றாள் செலுவம்மா. சில்லுனு இருக்கு என்றாள். ஒன்றுகூடத் தவறவில்லை. ஃப்ளேவிக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் அந்த மூக்கு விரிந்து சுருங்குவதைக் கவனிக்கும்வரை. விறகு வெந்நீரில் புகை வாசனை. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர்.

உள்ளே போய் இரண்டு டம்ளரையும் வெந்நீர் அண்டாவிலிருந்தே நிரப்பினாள். ஒன்றை ஆறவிட்டு, பிறகு மண்பானைக்குள் இறக்கிக் குளிரவைத்துக் கொண்டுவந்தாள். இரண்டிலும் ஒரே புகை.

குளிர்ந்த டம்ளர் பட்டதும் செலுவம்மா துள்ளினாள். “நெருப்பு, எடுங்க சிஸ்டரம்மா.”

ஃப்ளேவி சூடானதைத் தன் கையில் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வைத்தாள். செலுவம்மா காத்திருந்தாள்.

“ம், வைங்களேன். எவ்ளோ நேரம்?”

ஃப்ளேவி கண்கட்டை அவிழ்த்தாள். டம்ளர் கையிலேயே இருந்தது. அடியில் தோல் சிவந்திருந்தது. செலுவம்மா அந்தச் சிவப்பை வெகுநேரம் பார்த்தாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு பிள்ளையின் காலளவு வளையம் செய்து பார்த்தாள்.

“பாக்யாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“நீங்களே சொல்லுங்கக்கா.”

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். ஃப்ளேவி பின்னால் போனாள். தெருவில் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

“ஏ பாக்யா, உன் காலு எவ்ளோ நீளம்டி? நீட்டிக் காட்டு.”

மறுநாள் காலை பலகையில் பாக்யா உட்கார்ந்து கால் நீட்டினாள், அவள் காலில் பிள்ளை. கழுத்தைத் தாங்கு, முழங்காலை ஒட்டு, அழட்டும், பயப்படாதே என்று ஏவியபடி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள் செலுவம்மா. வலக்கையை வாளிக்குள் விட்டுத் துழாவி, ஒரு செம்பு குளிர்ந்த தண்ணீர் சேர்த்தாள். அதற்குள் இடக்கை பழக்கத்தில் வாளியை நோக்கி நீண்டது. செலுவம்மா அதை மணிக்கட்டில் பிடித்து இழுத்து, தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.