அந்த ஊர்த் தண்ணி

என் மூக்கைப் பிடித்து இழுக்காத சொந்தக்காரர் எங்கள் வம்சத்தில் ஒருவரும் கிடையாது. யுத்தம் வந்து நாங்கள் ரங்கூனை விட்டு மதுரைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, அப்பாவின் அக்கா, என் அத்தை, தினமும் காலையில் விளக்கெண்ணெயைத் தொட்டு என் மூக்குத்தண்டை நீவிவிடுவாள். பிறந்த குழந்தைக்குச் செய்கிற வேலை அது. கல்யாண வயசில் இருக்கிற எனக்குச் செய்தால் எரிச்சல் வராதா?

அப்பா தமிழர். அம்மா பர்மாக்காரி, அப்பாவிடம் கற்ற மதுரைத் தமிழ்தான் பேசுவாள். கறுப்பு நிறமும் சுருட்டை முடியும் எனக்கு அப்பா கொடுத்தவை. அகலக் கன்னமும் சப்பை மூக்கும் சின்னக் கண்ணும் அம்மா கொடுத்தவை. தனித்தனியாக எதையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒரே முகத்தில் சேர்ந்திருந்ததுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. காளவாசல் பக்கம் போனால் தெருப் பிள்ளைகள் "ஜப்பான், ஜப்பான்" என்று பின்னாலேயே வருவார்கள். நான் திரும்பி நின்று ஏசுவேன். அவர்களுக்கு அதில்தான் கொண்டாட்டம்.

அந்தச் சமயத்தில் பேரையூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பசுமலையில் வாத்தியார். கோயிலில் என்னைப் பார்த்துவிட்டு அவரே கேட்டனுப்பினாராம். நானும் அவரைக் கவனித்திருந்தேன். பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்? இந்த முகத்தைப் பார்த்தபிறகும் ஒருவர் கேட்டனுப்புகிறார் என்றால் எப்படி ஓரிடத்தில் உட்கார முடியும்? கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அத்தைக்கு வேறு கவலை. பட்டிக்காட்டு ஆட்கள் முதலில் தாய்மாமன் யார் என்றுதான் கேட்பார்கள், பர்மாக்காரி பெற்ற பிள்ளை என்று தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்றாள். அதனால் அம்மாவும் இந்தப் பக்கத்துப் பெண்தான், கூடப்பிறந்தவர் யாரும் இல்லை, பர்மாவிலிருந்து நடந்து வரும்போது வழியில் செத்துப்போனாள் என்று சொல்வதாக ஏற்பாடு. அந்த வழியில் எத்தனையோ பேர் செத்தார்கள், யார் சந்தேகப்படப் போகிறார்கள்? என் முகத்துக்கும் காரணம் தயாராக இருந்தது. அந்த ஊர்த் தண்ணி அப்படியாம், அங்கே பிறக்கிற பிள்ளைகளுக்கு மூக்கு எழும்பாதாம். அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த என் தங்கைக்கு அப்பாவின் எடுப்பான மூக்கும் உருண்டை விழியும். அந்தக் கேள்வி வரக்கூடாது என்று அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் உடனே சரி என்றாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அத்தை தண்ணிக் கதையைச் சொன்னாள். அந்தம்மாள் அதை அப்படியே நம்பிவிட்டார். தங்கள் பக்கத்துத் தண்ணிக்குப் பல் காவியேறுகிறதே, அதுமாதிரிதான் என்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் கண் காணாமல் போய்விடும் என்று அத்தை தடை போட்டிருந்ததால் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு அந்தம்மாள் மல்லிகைச் சரத்தை எடுத்தார். தலையில் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. மாப்பிள்ளை தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"தாயில்லாப் புள்ள. ஒங்க ஆத்தாள மனசுல நெனச்சு வெளக்கு முன்னாடி விழுந்து கும்பிட்டுட்டு வா தாயி. பெறகு பூ வைக்கிறேன்" என்றார்.

விளக்கு அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் அம்மா மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. செத்தவர்களைத்தானே அப்படிக் கும்பிடுவார்கள்? குனிந்தேன், முடியவில்லை. சட்டென்று கதவைத் தள்ளி உள்ளே போய் அம்மாவின் காலில் விழுந்தேன்.

எழுந்தபோது அந்தம்மாள் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். என் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவின் நெற்றியில் குங்குமம் இருந்தது. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உசுரோட இருக்கவளையா என் வாயால கும்பிடச் சொல்ல வச்சீக?" என்று அத்தையைக் கேட்டார். பூவோடு வெளியே நடந்தார். மாப்பிள்ளை என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தாயாரின் பின்னாலேயே போனார்.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நான் அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனேன். ஓங்கி ஓர் அறை விட்டாள். என்னை அவள் அதற்குமுன் அடித்ததே இல்லை.

"அம்புட்டு நேரம் செத்துத்தான கெடந்தேன். இன்னுங் கொஞ்சம் கெடந்திருக்க மாட்டேனா? நீ ஏன் கதவத் தொறந்த?"