இசைப்பெட்டிக்குச் சாவி கொடுப்பவள்

எங்கள் மாடி அறையில் கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. திறந்தால் வைத்திக்குப்பத்துப் படகுகள் தெரியும். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அது திறந்ததில்லை. உப்புக் காற்று பட்டால் மாமனாரின் இசைப்பெட்டி துருப்பிடித்துவிடுமாம். மனுஷி புழுங்கிச் செத்தாலும் பரவாயில்லை, பெட்டிக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அவர்களைச் சொல்தா என்போம். பிரான்சில் ஏதோ ஓர் ஊரில், ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் அந்தப் பெட்டியை வாங்கினாராம். ஓய்வு பெற்றுத் திரும்பியபோது துணிமணியையெல்லாம் மூட்டையில் போட்டுவிட்டு இதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் என்று என் கணவர் சொல்லிச் சிரிப்பார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் மிஞ்சியது மாமா, நான், பெட்டி. என் ஒரே மகள் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய்விட்டாள். கொழுந்தனாரும் அங்கேதான், வேறு ஊரில்.

பக்கவாதம் வந்து மாமாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. அதிலிருந்து சாவி கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாலைக் காப்பி முடிந்ததும் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டுவார். ஒரு நாள் தவறக்கூடாது. நான் போகாத கல்யாணம், பார்க்காத சாவு எல்லாவற்றுக்கும் அந்தக் காப்பி வேளைதான் காரணம்.

பிடிக்கிறதோ இல்லையோ, பெட்டியின் குடல் வரை எனக்கு அத்துப்படி. கண்ணாடி மூடிக்குள் ஒரு பித்தளை உருளை படுத்திருக்கும். அதன்மேல் எண்ண முடியாத அளவுக்குப் பொடி ஊசிகள். எதிரே ஓர் எஃகுச் சீப்பு. உருளை சுற்றும்போது ஒவ்வோர் ஊசியும் சீப்பின் ஒரு பல்லைத் தூக்கி விடும். விட்ட பல் அதிரும், அதுதான் சுரம். நீளப் பல்லுக்குக் கனத்த குரல், குட்டைப் பல்லுக்குக் கீச்சுக் குரல். ஒரு பாட்டு முடிந்ததும் உருளை மயிரிழை அளவு பக்கவாட்டில் நகர, அடுத்த பாட்டுக்கான ஊசிகள் பற்களுக்கு நேரே வந்து நிற்கும். ஓரத்தில் குட்டி விசிறி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். முறுக்கிய ஸ்பிரிங் தலைதெறிக்க ஓடாமல் இழுத்துப் பிடிப்பது அந்த விசிறிதான். அதில் சேரும் தூசியை நான் ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி எடுப்பேன்.

ஆதியில் இது சட்டைப்பைக் கடிகாரத்துக்குள்ளும் மூக்குப்பொடி டப்பிக்குள்ளும் ஒளிந்திருந்த சங்கதி. சுவிட்சர்லாந்து மலைகளில் இருந்த கடிகாரக்காரர்கள்தான் பெரிதாக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு உருளைக்குப் பதில் உலோகத் தட்டு வந்தது, அதன் பிறகு கிராமபோன் வந்து எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டது. பனி கொட்டி வெளியே தலைகாட்ட முடியாத மாதங்களில், அந்த மலை வீட்டுப் பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருளையில் பதிப்பார்களாம். மாமா இதைப் பெருமையாகச் சொல்வார். கேட்கும்போது எனக்கு வேறு தோன்றும். அவர்களுக்காவது ஜன்னல் இருந்தது.

பெட்டிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. பாட்டு முழுதாக முடிந்த பிறகுதான் அதை இடம் மாற்றலாம். நடுவில் நின்றால் சில ஊசிகள் பற்களைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கும். அப்போது ஆட்டினால் பல் ஒடிந்துவிடும். அதனால் பாட்டு முடியும்வரை ஓடும்படி தாராளமாகச் சாவி கொடுக்க வேண்டும். ஒருமுறை நான் குறைவாகக் கொடுத்து, பாட்டு நடுவில் நின்றுபோனதற்கு மாமா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

போன வருஷம் மகள் முழுகாமல் இருந்தாள். "பிரசவத்துக்கு நீ வந்தே ஆகணும்மா" என்றாள் போனில். கொழுந்தனார் ஒரு வழி சொன்னார். அவர் வந்து மாமாவைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவார், நான் மகளிடம் போகலாம். மாமா பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், விசாத் தொல்லை இல்லை. "பெட்டி வந்தா நானும் வரேன்" என்றார் மாமா. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அலமாரி மேலிருந்த சூட்கேஸை இறக்கித் துடைத்து, மகளுக்குப் பிரசவ லேகியம்கூட வாங்கி வைத்துவிட்டேன்.

கொழுந்தனார் வந்து இறங்கினார். அன்று மாலை நான் சாவியைத் திருக ஆரம்பித்ததுமே மாமா "போதும்மா" என்றார். பாட்டு நடுவில் இளைத்து, ஒவ்வொரு சுரமாக இழுத்து, நின்றுவிட்டது. சாவி மறுபடி அவர் கழுத்துக்குப் போனது. "மிச்சத்த நாளைக்குக் கேட்டுக்கலாம்." மறுநாள் மிச்சம் முடிந்து, அடுத்த பாட்டின் நடுவில் நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. கொழுந்தனார் பெட்டியைச் சுற்றுவதற்குப் பிளாஸ்டிக் தாளோடு வந்து நிற்பார். "பாட்டு நடுவுல நிக்குதுடா. இப்ப எடுத்தா பல்லு போயிடும்" என்பார் மாமா. விமான டிக்கெட்டை ஒருமுறை மாற்றியும் ஆயிற்று.

எனக்கு விஷயம் உறைக்க நேரமாயிற்று. உறைத்ததும் ஆத்திரம் தாங்கவில்லை. அங்கே என் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இவர் ஒரு துண்டுச் சாவியை வைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்போட்டிருக்கிறார். அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அவர்கள் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, "போதும்மா" என்றதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாவி இறுகும்வரை திருகினேன். பாட்டு முடிந்ததும் தானாக நிற்கும்படி நெம்புகோலையும் தள்ளி வைத்தேன். கண்ணாடி மூடி திறந்தே இருந்தது. கொழுந்தனார் டேப்பும் கத்திரியுமாக அறை வாசற்படியில் நின்றார். மாமா என்னைத் தடுக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடியப்போகிற நேரத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அவனும் அவன் பொண்டாட்டியும் காலையில வேலைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருவாங்க. அங்க எனக்கு யாரும்மா சாவி குடுப்பா?"

என் விரல் விசிறியைத் தொட்டது. பாட்டு நின்றது. பக்கத்தில் கிடந்த ஈர்க்குச்சியை எடுத்து விசிறிக்குள் செருகினேன்.

"என்னாச்சு அண்ணி?"

"நடுவுல நின்னுடுச்சி தம்பி. எடுக்க முடியாது."

மாமா கண்ணைத் திறந்து விசிறியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சாவியை வாங்க அவர் கை நீட்டவில்லை.

கொழுந்தனார் முணுமுணுத்துக்கொண்டே தனியாகப் போனார். பேத்தியை நான் போனில்தான் பார்த்தேன். மகள் என்னோடு வெகுநாள் சரியாகப் பேசவில்லை. தெருவில் யாராவது என்னைத் தியாகி என்று சொன்னால் பற்றிக்கொண்டு வருகிறது. நான் மனசார ஒன்றும் செய்யவில்லை. அந்த விரல்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சாவி இப்போது என் கழுத்தில் தொங்குகிறது. ஈர்க்குச்சியை உருவினால் மிச்சமுள்ள கொஞ்சம் பாட்டு ஓடி முடிந்துவிடும். நான் தொடுவதில்லை, மாமா கேட்பதுமில்லை. காப்பி குடித்துவிட்டு இருவரும் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறோம்.

போன வாரம் வீம்புக்குப் போய் அந்த ஜன்னலைத் திறந்தேன். கடற்காற்று முகத்தில் அடித்தது. மாமா மூடச் சொல்லவில்லை. படகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பெட்டிக்குத் துரு ஏறுமே என்று நானே மூடிவிட்டேன்.