லூர்து சிஸ்டருக்கு நான் தராத அனுமதி

செவ்வாய்க்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, திண்டிவனத்திலிருந்து லூர்து சிஸ்டரின் தங்கை பேசினார். "அக்கா போயிட்டாங்க மேடம்" என்றார். கருப்பைவாய்ப் புற்றுநோய். வயது நாற்பத்தாறு. விக்கிரவாண்டிப் பக்கத்து ஊர்களில், கிராமச் செவிலியரான அவர் கையால் தடுப்பூசி போட்டுக்கொள்ளாத பிள்ளைகள் குறைவு. உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நான் அவருக்குச் செய்த தவறு தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன், நான் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளிக்கு வந்தார். இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு இலவசமாகப் போட ஏற்பாடாகியிருக்கிறது, பெற்றோரைக் கூட்டித் தந்தால் போதும் என்றார். உடலுறவில் பரவும் கிருமியால் வரும் நோய் என்பதால் ஊர் என்ன பேசுமோ என்று பயந்தேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. "கிருமி வர்றதுக்கு முன்ன போட்டாத்தான் மேடம் முழுப் பலன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறு வருடக் கடைசியில் கூட்டம் நடந்தது. நான் பயந்தபடியே ஒரு தகப்பனார் எழுந்தார். கெட்டுப்போனவர்களுக்கு வரும் நோய்க்குத் தன் பெண்ணுக்கு எதற்கு ஊசி என்று கேட்டார். சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை.

"யாருக்கும் வரும்ங்க. எனக்கு வந்திருக்குது. இருபது வருஷமா என் வூட்டுக்காரரோட குடும்பம் பண்ணிக்கினு இருக்கிறேன். என் சின்ன வயசுல இந்த ஊசி இல்ல. உங்க பொண்ணுக்கு இருக்குது."

அவருக்கு நோய் என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.  கேட்டவர் கடைசியாக வந்து சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் முடிந்ததும் பள்ளி வாசலில் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விட்டுப்போன பொண்ணுங்களத் தேடுங்க மேடம். வயசு தாண்டல, இன்னும் போடலாம்" என்றார். பிறகு, "ஊர்ல எல்லாரையும் டெஸ்டுக்கு அனுப்பிக்கினு இருந்தேன். நான் போவல" என்றார். அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை.

நான் தள்ளிப்போட்ட அந்த வகுப்பில் நாற்பத்தொரு பெண்கள். கூட்டம் நடப்பதற்குள் அவர்கள் பத்தாவது முடித்துப் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். மல்லாட்டைக் கடலை பிடுங்கும் கொல்லைகளிலும் விழுப்புரத்து ஜவுளிக்கடைகளிலும் தேடி, முப்பத்தாறு பேரைக் கண்டுபிடித்து ஊசி போடவைத்துவிட்டேன். மற்ற ஐந்து பேரின் எண்களும் வீடுகளும் மாறிவிட்டன. பேருந்து நிலையத்தில் அந்த வயதுப் பெண் யார் திரும்பினாலும் அவர்களில் ஒருத்தியோ என்று கிட்டப் போய் முகம் பார்க்கிறேன்.

சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தேடல்தான். அந்த ஐவரில் ஒருத்தியை நீங்கள் அறிந்திருந்தால், பள்ளிக்கூடத்து மேடம் கூப்பிடுகிறார் என்று சொல்லுங்கள். தாமதம் அவளுடையதல்ல என்பதையும் சொல்லுங்கள்.